பிணம் சிரித்தால்தான் சாப்பாடு

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், டிரைவர் மனசு வைத்தால் மட்டும் பஸ் நிற்கிற ஒரு நிறுத்தம் இருக்கிறது. அங்கே இறங்கி டீக்கடையில் கலைவாணன் வீடு எது என்று விசாரித்தால், "எந்தக் கலைவாணன்? பெயின்டரா, பொணமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தோஷம்.

பிள்ளை பெரிய கலைஞனாக வருவான் என்று ஆசைப்பட்டு அப்பா வைத்த பேர் அது. அவர் ஆசை பொய்க்கவில்லை. கலைவாணன் எத்தனையோ டிவி தொடர்களில் நடித்துவிட்டான், எல்லாவற்றிலும் செத்துப்போனவனாக. தூக்கில் தொங்கியிருக்கிறான், கிணற்றில் மிதந்திருக்கிறான், பிணவறை மேசையில் கால் கட்டைவிரலில் சீட்டு கட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். இவன் செத்துச் செத்துத்தான் வீட்டுக்கு அரிசி வாங்கினான்.

இந்தத் தொழிலுக்கு அவன் வந்தது சாப்பாட்டு நேரத்துத் தூக்கத்தால். கடற்கரைச் சாலையில் ஒரு பங்களாவுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அங்கே ஒரு தொடர் ஷூட்டிங்கும் நடந்தது. பிணமாகப் படுக்க வந்த பல்லாவரத்துக்காரருக்கு இருமல். மூன்று முறை எடுத்தும் மூன்று முறையும் பிணம் இருமியது. துணை நடிகர்களை அனுப்பிவைக்கிற ஏஜென்ட் உலகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டு சுற்றுச்சுவர்ப் பக்கம் வந்தார். அங்கே சாரத்துப் பலகைமேல் வாயைத் திறந்துகொண்டு கலைவாணன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு ஈ அவன் உதட்டில் உட்கார்ந்து, கொஞ்சம் நடந்து, மறுபடி உட்கார்ந்தது. அவன் அசையவில்லை. உலகநாதன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாட்டில் துப்பறியும் தொடர்கள் பெருகப் பெருக கலைவாணனுக்கும் கிராக்கி ஏறியது. மூச்சை வயிற்றில் விடாமல் நெஞ்சுக்கு மேலேயே மெதுவாக விடக் கற்றுக்கொண்டான். கண்ணைப் பாதி திறந்து வைப்பதுதான் கஷ்டம் என்பான். மூடினால் தூங்குகிற மாதிரி இருக்கும், முழுசாகத் திறந்தால் முறைக்கிற மாதிரி இருக்கும் என்று யாரும் கேட்காமலே விளக்குவான். அவன் மனைவி சங்கரிக்கு மட்டும் இதில் பெருமை ஏதும் இல்லை. ஷூட்டிங்கிலிருந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். "எவன் சாவுக்குப் போனா எனக்கு இன்னா, தீட்டு தீட்டுதான்" என்பாள்.

அந்தத் தொழிலுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. செத்த வேஷம் போட்டவர், காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து காமிராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிக்க வேண்டும். எமனுக்கு இது விளையாட்டு என்று தெரிவிக்கிற ஏற்பாடு அது. அதற்கப்புறம்தான் பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள், அதற்கும் அப்புறம்தான் சாப்பாட்டுக்கு விடுவார்கள். சிரிக்காமல் எழுந்துபோன ஒருவர் ஒரு வாரத்தில் நிஜமாகவே போய்விட்டார் என்று காமிராக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். யார் அவர், எந்த ஊர் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் கலைவாணன் இதை மீறியதே இல்லை. சிரிப்பு அவனுக்குப் பெரிய விஷயமும் இல்லை. யாராவது அதட்டினாலே பயத்தில் இளிக்கிற முகம் அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே இரண்டு அடி கூட வாங்கியிருக்கிறான்.

இவன் தொழிலில் செத்தவர்கள் எல்லாம் எழுந்து சாப்பிடப் போனார்கள். வீட்டில் செத்த ஒருவர் எழவில்லை. அது அவன் அக்கா பாப்பாவின் புருஷன், கருப்பன்.

கருப்பன் வேன் ஓட்டினார். திருப்போரூர்ப் பக்கம் வயல்களெல்லாம் கல் நட்டு பிளாட்டாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து இடம் பார்க்க வருகிறவர்களை ஏற்றி வந்து, இலவச பிரியாணி வாங்கிக் கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. குடும்பத்தில் பாதிப்பேர் கோயில், பாதிப்பேர் சர்ச். கருப்பன் இரண்டு இடத்திலும் பின்வரிசையில் நின்று நல்ல பேர் எடுத்தவர். மகளுக்கு ஜாய்ஸ் என்று பேர் வைத்தார். வீட்டில் ஒரு சத்தம் போட்டவரில்லை. அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், அவசரத்துக்குக் கொடியில் எந்தச் சட்டை கைக்கு வருகிறதோ அதைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரச் சவுக்குத் தோப்பில், சருகு கூட்டப் போன பெண்கள் அவர் குப்புறக் கிடப்பதைப் பார்த்தார்கள். தலையில் அடி. வேன் சாலையோரத்தில் பூட்டியபடி நின்றது. உடம்பில் நீலக் கட்டம் போட்ட சட்டை. அது கலைவாணனுடைய சட்டை.

போலீசுக்கு அந்த ஒரு சட்டையைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. அதனால் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கலைவாணனை ஸ்டேஷன் பெஞ்சில் நாள்கணக்காக உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "உன் சட்டை அவன் மேல எப்படிய்யா வந்துச்சு?"

"மாமா சார். மச்சான் சட்டைய மாமா போட்டுகினு போவாரு சார்."

"அதுக்கு நீ ஏன்யா சிரிக்கிற?"

அவன் சிரிக்கவில்லை. முகம் அப்படி. கடைசியில் இன்ஸ்பெக்டர் பாப்பாவைக் கூப்பிட்டு, தம்பி மேல் சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். "அவன் கோழி அறுக்கறத பாத்தாலே மயக்கம் போட்டு வுழுவான் சார்" என்றாள் அவள். அதோடு அவனை விட்டார்கள், கேஸையும் விட்டுவிட்டார்கள். விசாரணைக்கு வேண்டும் என்று வீட்டிலிருந்த ஒரே நல்ல போட்டோவையும் வாங்கிப் போயிருந்தார்கள். கல்யாணத்தில் எடுத்தது, அதில் கருப்பன் சிரித்துக்கொண்டிருப்பார். கொலைகாரனும் கிடைக்கவில்லை, போட்டோவும் திரும்பி வரவில்லை. பாப்பா கேட்டுக் கேட்டு நடந்த வருஷங்களில் இன்ஸ்பெக்டர்கள் மாறினார்கள், ஸ்டேஷன் கட்டடமே மாறியது. ஒருநாள் போவதை நிறுத்தினாள். நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவுப் பெண்களுக்கு சூப்பர்வைசராகச் சேர்ந்து, மகளை நர்சிங் படிக்க வைத்தாள். ஜாய்ஸுக்கு அப்பாவின் முகம் ஞாபகத்தில் இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைத்தான் அவளுக்குத் தெரியும், அது யாருடைய முகமாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

பதினாறு வருஷம் கழித்து டிவிக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் பிரவின்குமார், கதை எழுதுகிற ரோகிணி. கையில் ஆப்பிள் பை. "சவுக்குக் காற்று" என்று ஒரு தொடர் எடுக்கிறோம், உண்மைச் சம்பவம், உங்கள் வீட்டுக்காரர் கதைதான், உங்கள் சம்மதம் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார்கள். பாப்பா முழுசாகக் கேட்டுக்கொண்டாள். கலைவாணனும் கதவுக்குப் பின்னால், அவர்கள் கண்ணில் படாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"கடைசில யாருன்னு கண்டுபுடிப்பீங்களா?" என்று பாப்பா கேட்டாள்.

"கதைப்படி கண்டுபுடிச்சிருவோம்மா" என்றார் பிரவின்குமார்.

"கதப்படி வேணாம். நெசத்துல கண்டுபுடிச்சிகினு வாங்க, டீ போட்டுத் தரேன்."

ஆப்பிளையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் கார் ஏறியதும், தெருவில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தை மாசம் ஜாய்ஸுக்குக் கல்யாணம். நம்ம ஜனத்துல எவனாச்சும் இவங்களோட போயி நின்னான்னு தெரிஞ்சிது, அவனுக்கு அந்தக் கல்யாணத்துல எல கெடையாது. அவன் யாரா இருந்தாலும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டியவன் கலைவாணன். அவன் தாய்மாமன். நலங்கில் ஜாய்ஸ் கன்னத்தில் முதல் சந்தனம் அவன்தான் வைக்க வேண்டும். அப்பன் இல்லாத பெண்ணுக்கு மாமன்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன். சீர்த்தட்டுக்குப் புடவைகூடப் பார்த்து வைத்துவிட்டான்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். உலகநாதனிடமிருந்து போன் வந்தது. "கல, ஒரு பாடி கீது. சவுக்குத் தோப்பு, குப்புற படுக்கணும், உன் ஊரு பக்கந்தான்."

எந்தத் தொடர் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. கலைவாணன் முடியாது என்றுதான் சொன்னான். நாவலூரில் வேலை இருக்கிறது, முதுகு பிடித்திருக்கிறது என்று என்னென்னவோ சொன்னான்.

"சரி வுடு. பல்லாவரத்துக்காரரை வரச் சொல்றேன்" என்றார் உலகநாதன்.

அங்கேதான் அவன் விழுந்தான். பல்லாவரத்துக்காரருக்கு இருமல் போய்விட்டது, ஆனால் தொப்பை வந்துவிட்டது. படுத்தால் அது ஏறி ஏறி இறங்கும். போதாக்குறைக்கு எப்போதும் வாயில் ஹான்ஸ் புகையிலை. அந்த ஆள் மாமாவாகப் படுப்பதைக் கலைவாணனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. யாரோ ஒருத்தன் படுக்கத்தான் போகிறான். அதற்கு நான் படுத்தால் மாமா மரியாதையாகப் படுத்திருப்பார் அல்லவா? இது ஒரு நியாயமா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் ஆயிரம் பேர் பிணத்தை அசையாமல் காட்டத் தெரிந்தவனுக்கு, சொந்த வீட்டுப் பிணம் அசையப் போகிறது என்றால் சும்மா இருக்க முடியவில்லை. நாவலூரில் பெயின்ட் வேலை என்று சங்கரியிடமும் அக்காவிடமும் பொய் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்புக்குப் போனான்.

உடைகள் கொடுக்கிற ஆள் ஒரு சட்டையை நீட்டினார். நீலக் கட்டம். பழைய பத்திரிகைப் படத்தைப் பார்த்து அப்படியே தைத்திருந்தார்கள், ஜேப்புக்கு மேலே இருந்த கோடுகூடத் தவறவில்லை. கலைவாணன் அதைப் போட்டுக்கொண்டான். தோள் அளவு அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. இருக்காதா பின்னே?

படுத்தான். தலைப்பக்கம் சிவப்புச் சர்க்கரைப் பாகை ஊற்றினார்கள். முதல் முறையே காட்சி நன்றாக வந்தது. அடுத்த கோணத்துக்கு விளக்கை மாற்ற வேண்டும், அதுவரை அசையாதீர்கள், ரத்தம் கலைந்துவிடும் என்றார்கள். கலைவாணன் ஒரு கன்னத்தைச் சருகில் வைத்துக் குப்புறக் கிடந்தான். பாகு வாசனைக்கு எறும்புகள் வரிசை பிடித்தன. பிரவின்குமாரும் ரோகிணியும் அவன் தலைமாட்டில் வந்து நின்று பேச ஆரம்பித்தார்கள். பிணத்துக்குக் காது கேட்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

"சார், கடைசி எபிசோடுல கொலகாரன் யாருன்னு இன்னும் முடிவு பண்ணல. சேனல்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள் ரோகிணி.

"நெஜ கேஸ்ல யாரு?"

"யாருமே இல்ல சார். கண்டுபுடிக்கவே இல்லையே."

"அது போலீசுக்கு சரி. நமக்கு சரிவராது. யாரையாவது புடிச்சாகணும்."

"பிளாட் கம்பெனி முதலாளி?"

"நம்ம தொடருக்கு விளம்பரம் குடுக்கறதே ஒரு பிளாட் கம்பெனிதாம்மா."

"அப்போ போலீஸ்காரர் யாராவது?"

"அதோ பாரு, நமக்குப் பாதுகாப்புக்கு நிக்கிறாங்க. மோர் குடிச்சிட்டிருக்காங்க. மனசு வருமா?"

"கவுன்சிலர்?"

"நான் குடும்பஸ்தன். விட்டுரு."

ரோகிணி காகிதங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "செத்தவரோட மச்சான் ஒருத்தன் இருந்திருக்கான் சார். செத்தவர் போட்டிருந்தது அவனோட சட்டைதான். விசாரிச்சு விட்டுட்டாங்க. பெயின்டர்."

பிரவின்குமார் கொஞ்சம் யோசித்தார். "பெயின்டரா? பின்னால யாராவது இருக்காங்களா? சங்கம், கட்சி?"

"யாரும் இருக்கற மாதிரி தெரியல சார்."

"புடி அவன."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள். பதினாறு வருஷமாகப் பிடிபடாத கொலைகாரன், எறும்புக்கும் அஞ்சாமல் அவர்கள் காலடியிலேயே படுத்திருந்தான்.

"ஆனா எதுக்குக் கொல்றான்?" என்றார் பிரவின்குமார். "சட்டையை எடுத்துப் போட்டதுக்கா?"

"அக்காவை இவரு தெனமும் குடிச்சிட்டு அடிக்கறாருன்னு வெச்சுக்கலாம் சார். தம்பி பொறுக்க மாட்டாம…"

"பிரமாதம். அழுதுருவாங்க."

அழுதது பிணம்தான். தன்னைக் கொலைகாரன் ஆக்கியதுகூட அவனுக்கு உடனே உறைக்கவில்லை. மாமா அக்காவை அடித்தார் என்றதுதான் தாங்கவில்லை. ஒருநாள் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு, அதற்காக மறுநாள் மல்லிகைப் பூ வாங்கி வந்த மனுஷன் அவர். விளக்கைப் போட்டதும் காமிராக்காரர் கத்தினார். "சார், பாடி கண்ணுல தண்ணி வருது!"

எறும்பு கடித்திருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். காட்சி முடிந்ததும் கலைவாணன் எழுந்து உட்கார்ந்தான். "சார், ஒரு சின்ன சந்தேகம். அந்த மச்சான் நல்லவனா இருந்திருந்தா?"

பிரவின்குமார் அவனை அன்போடு பார்த்தார். "நீங்க நல்லா பண்ணீங்க. கதையப் பத்தி பாடி கவலப்படக் கூடாது. சிரிங்க, சாப்பிடப் போலாம்."

தான்தான் அந்த மச்சான் என்று அவன் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் பேட்டி எடுப்பார்கள், பேட்டி எடுத்தால் அக்காவுக்குத் தெரியும், தெரிந்தால் இலை போச்சு, சந்தனம் போச்சு. வாயைத் திறந்தாலும் கெட்டான், மூடினாலும் கெட்டான்.

சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இளிச்சவாய் இளிக்க மறுத்தது. காமிராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பூசணிக்காய்க்காரர் கற்பூரத்தோடு காத்திருந்தார். தூரத்தில் சாப்பாட்டு அண்டாவைத் திறந்துவிட்டார்கள், வாசனை வந்தது. "அண்ணாத்த, சிரிங்க" என்றார் ஒருவர். ஒருவர் ஜோக் சொன்னார். விளக்குத் தூக்குகிற ஆள் ஆடிக் காட்டினார். "பொணத்தால பேஜாருப்பா, வயிறு காயுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தனை பேரும் ஒரு செத்தவன் சிரிக்க வேண்டும் என்று பசியோடு வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

கலைவாணன் திக்கற்றுப்போய்ச் சுற்றிலும் பார்த்தான். வேடிக்கை பார்க்கிறவர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பின்னால், காமிராவுக்கு நேர் பின்னால், பாப்பா நின்றுகொண்டிருந்தாள்.

தோப்பில் ஷூட்டிங் நடக்கிறது என்று யாரோ சொல்லி, நம்ம ஜனத்தில் எவன் போய் நிற்கிறான் என்று பார்க்க வந்தவள் அவள். பார்த்தேவிட்டாள். நீலக் கட்டம் போட்ட சட்டை, தலையெல்லாம் சிவப்பு, சவுக்குச் சருகின் மேல்.

பயத்தில் அவனுக்கு முகமெல்லாம் பல் ஆகிவிட்டது. வாய் கொள்ளாத இளிப்பு. "ஓகே!" என்று யூனிட் முழுக்கக் கை தட்டியது. பூசணிக்காய் உடைந்தது. எல்லாரும் அண்டாவைப் பார்த்து ஓடினார்கள்.

பாப்பா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கலைவாணன் கண்ணை மூடிக்கொண்டான். அறை விழும் என்று எதிர்பார்த்தான். விழவில்லை. அவள் அவனைத் தாண்டிப் போய், சின்னத் திரையில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்த உதவிக் காமிராக்காரரிடம் நின்றாள்.

"நைனா, இப்ப எழுந்து சிரிச்சாரே, அத்த திரும்பப் போட முடியுமா?"

அவர் போட்டார். குப்புறக் கிடந்த நீலச் சட்டை புரண்டு, கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தது. தூரத்திலிருந்து எடுத்தது. முகம் சிவப்பும் சருகுமாக, யாருடையது என்று தெரியாமல், பல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னொரு தபா" என்றாள் பாப்பா.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். கலைவாணன் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னான். மச்சான்தான் கொலைகாரன் என்று முடிவு பண்ணிவிட்டார்கள் என்றான். மாமா குடித்துவிட்டு அடித்ததாகக் காட்டப் போகிறார்கள் என்றான். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது மட்டும் பேசினாள். "அந்த சிரிச்ச துண்ட வாங்கி என் போன்ல ஏத்திக் குடு."

அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை. அவன் துண்டு வீடியோவை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் போனை நீட்டினாள், வாங்கிக்கொண்டாள், உள்ளே போய்விட்டாள். கல்யாண வேலைகள் நடந்தன. மண்டபம் பார்த்தது, ஜவுளி எடுத்தது, பத்திரிகை வைத்தது எதற்கும் அவனைக் கூப்பிடவில்லை. ஜாய்ஸ் மட்டும் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்து, "அம்மா தெனம் அத்த பாக்குது மாமா. சவுண்டு இல்லாம. நானும் பாத்தேன்" என்றாள்.

தொடர் ஒளிபரப்பானது. ஊரே பார்த்தது. பிணத்தை யாரும் கவனிக்கவில்லை, அது குப்புறக் கிடந்தது. கலைவாணன் மூச்சு விடாமல் கிடந்த கிடை யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் மச்சானாக நடித்தவனைப் பார்த்ததும் எல்லாருக்கும் கலைவாணன் ஞாபகம் வந்துவிட்டது. இத்தனைக்கும் அந்த நடிகன் ஆறடி, ஜிம்மில் ஏற்றிய உடம்பு, எலுமிச்சை நிறம். கலைவாணனோ தெருவிளக்குக் கம்பத்துக்குப் பின்னால் மறையக்கூடியவன்.

"இன்னா கல, கூடவே இருந்துகினு இப்டி பண்ணிட்டியே" என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். கிண்டல்தான். ஆனாலும் கிண்டல் செய்தவர்களே அவன் பக்கத்தில் உட்காரும்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். "யோவ், பொணம்தான்யா நானு, கொலகாரன் இல்ல" என்றான் இவன். யாரும் நம்பவில்லை. கடைசி எபிசோடில் மச்சான் அக்கா காலில் விழுந்து கதறினான், அக்கா அவன் முகத்தில் காறித் துப்பினாள். அதைப் பார்த்துச் சங்கரி டிவியை அணைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் அவனுக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தாள். மறுநாள் மாலை ஜாய்ஸுக்கு நலங்கு.

போவதா வேண்டாமா என்று அவன் பகலெல்லாம் திண்டாடினான். சங்கரிதான் சீர்த்தட்டைக் கையில் கொடுத்துத் தள்ளினாள். பாப்பா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. செங்கல்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கலைவாணன் தட்டோடு பந்தலுக்கு வெளியே, சமையல் நடக்கிற பக்கம் ஒதுங்கி நின்றான். ஜாய்ஸ் மஞ்சள் புடவையில் பலகை மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சந்தனக் கிண்ணம். முதல் ஆள் வராமல் மற்றவர்கள் எழுந்திருக்க முடியாது.

"தாய்மாமன் எங்க? கூப்புடுங்க" என்றார் பெரியவர் ஒருவர்.

மாப்பிள்ளையின் அத்தை பார்வதம், சமையல் பக்கம் நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "டிவில வந்தானே மச்சான், அது இவருதானா? இவரு கையாலயா பொண்ணுக்கு மொதல் சந்தனம்?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்றைக்கு ஊர் வாய் தானாகவே மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்தது. கலைவாணன் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று குனிந்தான்.

பாப்பா வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு பந்தலுக்கு நடுவே வந்தாள்.

"ஆமாங்க, இவன்தான்" என்றாள். "கொன்னான்னு டிவில காட்னாங்களே, அது இவன்தான். செத்துக் கெடந்ததும் இவன்தான், அது ஒங்களுக்குத் தெரியாது. எழுந்து ஒக்காந்து சிரிச்சான், அத்த டிவில காட்டல, என் போன்ல கீது. பதினாறு வருசமா போலீஸ் வரும்னு பாத்தேன், எந்தத் தெய்வமாச்சும் வந்து பேசும்னு பாத்தேன். அந்த மனுசன் சட்டையப் போட்டுகினு எழுந்து வர்றதுக்கு வேற எவன் வந்தான்?"

பார்வதம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சந்தனத்த எட்றா" என்றாள் பாப்பா.

கலைவாணன் விரலில் சந்தனம் எடுத்தான். ஜாய்ஸ் கன்னத்தை நீட்டினாள். ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் வைத்தான். அவள் கண்ணும் நிறைந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கருப்பன் மாமா இருந்தார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அவன் அதைக் கவனிக்கவில்லை.

கல்யாண வீடியோக்காரர் விளக்கை அவன் முகத்துக்குத் திருப்பினார். "மாமா, காமிராவைப் பாத்து ஒரு சிரிப்பு. அப்பதான் அடுத்தவங்க வர முடியும்."

கலைவாணனுக்குச் சிரிப்பு வரவில்லை. உதடு ஒரு பக்கம் போனது, மூக்கு ஒரு பக்கம் போனது, கண்ணிலிருந்து கொட்டியது. வீடியோக்காரர் காத்திருந்தார். முன்வரிசை காத்திருந்தது. சமையல் பக்கத்திலிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது.

பாப்பா முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"சிரிச்சிட்டு வாடா" என்றாள். "உனக்கு எல போட்டு வெச்சிக்கீது."